வீட்டுக்குள் பூக்கும் பூசணம்

ட்ரைக்கோடெர்மா விரிடி வாங்கித் தொழுவுரத்தில் கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, நாலு நாளில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்து வந்தால் மகிழ்ந்து போகிறவர்கள் நாம். மூடாக்குக்கு அடியில் வெள்ளை நூல் ஓடியிருந்தால், பார்க்க வருகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய், "பாருங்க, மண்ணு உசுரோட இருக்கு" என்று காட்டுகிறோம். அதனால்தானோ என்னவோ, படுக்கிற அறைச் சுவரில் கறுப்புப் புள்ளி பூத்தால் நமக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. "மழைக்காலம்னா அப்படித்தாங்க. தை பொறந்து வெள்ளையடிச்சா சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

மண்ணில் பூஞ்சை செய்கிற வேலை வேறு. நாலு சுவருக்குள், நாம் எட்டு மணி நேரம் மூச்சு விட்டுத் தூங்குகிற இடத்தில் அது செய்கிற வேலை வேறு. இயற்கையாக முளைத்தது என்பதாலேயே ஒரு பொருள் நமக்கு நல்லதாகிவிடாது. பூச்சிக்கொல்லியைக் கையால் தொடமாட்டேன் என்று உறுதி எடுத்த குடும்பம், அதைவிடக் கொடிய ஒரு நஞ்சைத் தன் வீட்டு மூட்டையிலேயே வளர்த்துக்கொண்டிருக்க முடியும். அந்த நஞ்சுக்கு விலையும் இல்லை, லேபிளும் இல்லை.

நகரத்து வீட்டில் பூசணம் என்றால் சுவர், குளியலறை, துணி அலமாரி. அவ்வளவுதான். உழவர் வீடு அப்படி இல்லை. வேர்க்கடலை மூட்டை, நெல், விதைக் கோட்டை, கொப்பரை, புண்ணாக்கு, வைக்கோல், சில வீடுகளில் காளான் குடில் என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழோ, கூரையை ஒட்டியோ இருக்கும். அதனால் மூச்சில் போகிற பூசணம், சாப்பாட்டில் போகிற பூசணம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

பூசணம், பூஞ்சணம், பூஞ்சக்காளான் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். எல்லாம் ஒன்றுதான். அது விதை போடுவதில்லை. தூளாய் வித்துக்களைப் பரப்புகிறது. பெரும்பாலான வித்து ஒவ்வொன்றும் 2 முதல் 10 மைக்ரான் அளவுதான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். இந்த வித்துக்கள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. வித்தே இல்லாத வீடு உலகத்தில் கிடையாது. அது முளைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

முளைக்க மூன்று வேண்டும்: இரை, வெப்பம், ஈரம். இரைக்குப் பஞ்சமில்லை. சாக்கு, மரம், காகிதம், சுவரில் படிந்த தூசி எல்லாமே அதற்கு இரைதான். வெப்பம் நம் ஊரில் ஆண்டு முழுக்க உண்டு. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பிடிக்காது. இந்த இரண்டு நாள் கணக்கை மட்டும் மனதில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஈரம் வீட்டுக்குள் வரும் வழிகள் நான்கு.

மேலிருந்து வருவது ஒன்று. தளத்து வெடிப்பு, அடைத்துக்கொண்ட தண்ணீர்ப் போக்கி, ஓட்டு வீட்டில் நகர்ந்துபோன ஓடு, தண்ணீர்த் தொட்டியின் கசிவு.

கீழிருந்து ஏறுவது இரண்டாவது. இதைத்தான் ஓதம் ஏறுகிறது என்கிறோம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் நமத்துப்போய், பூச்சு உதிரும். சுவரை ஒட்டி வாழையும் சேம்பும் வைத்து, பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கேயே விடுகிற வழக்கம் நம்மிடம் அதிகம். தண்ணீர் மறுசுழற்சி நல்லதுதான். ஆனால் அந்தப் பாத்தி சுவரிலிருந்து ஆறு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மூன்றாவது, உள்ளேயே உண்டாவது. சமையல் ஆவி, குளியலறை ஆவி, மழைக்காலத்தில் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் துணி, சரியாகக் காயாமல் உள்ளே வந்த நெல்லும் கடலையும். மூட்டையே ஈரம் விடும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நான்காவது, கட்டும்போதே வந்த ஈரம். சிமென்ட் பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கெட்டிப்படுத்துகிறோம். அது உலருமுன் முகூர்த்த நாள் வந்துவிட்டது என்று குடி போகிறோம். அதன் மேல் பளபளப்பான பெயின்ட் அடித்து அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டுகிறோம். பழைய மண் சுவருக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் மேல் சிமென்ட் பூசுவதும் இதே தப்புதான். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும் குணம் கொண்டவை. சிமென்ட் போட்டு மூடினால் ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும்.

உப்பா, பூசணமா?

சுவரில் வெள்ளையாய்ப் பூத்ததெல்லாம் பூசணம் அல்ல. ஓதத்தோடு ஏறி வந்த உப்பும் பஞ்சு மாதிரிப் பூக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் நின்று, மக்கல் வாடையும் அடித்தால் பூசணம். உப்பு மூச்சுக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் அங்கே ஈரம் ஏறுகிறது என்று சொல்லிக்கொடுக்கும்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. ஒரு முழச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் ஒட்டுநாடா போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவருக்குள் கசிவு இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. முதலாவதற்குக் கொத்தனார் வேண்டும். இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

உடம்பில் என்ன செய்கிறது?

பெரும்பாலோருக்கு முதலில் வருவது ஒவ்வாமைதான். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு, விடாத வறட்டு இருமல். வீட்டை விட்டு நாலு நாள் வெளியூர் போனால் குறைந்து, திரும்பி வந்தால் மறுபடி ஆரம்பித்தால், வீட்டைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஆஸ்துமா. ஆஸ்துமா உள்ளவருக்குப் பூசணம் பிடித்த அறை இளைப்பைத் தூண்டிவிடும். அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2004இல் ஈரமான கட்டடங்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூசணமும் பற்றித் தனி வழிகாட்டியே கொண்டுவந்தது. இரண்டும் ஒத்துச் சொல்வது இதுதான்: ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இளைப்பு, மூக்குத் தொந்தரவு, ஆஸ்துமா அதிகம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இன்னும் எச்சரிக்கை வேண்டும்.

இது ஏதோ தும்மலோடு போகிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அந்தக் குடும்பம் குடியிருந்த வாடகைக் குடியிருப்பில் நீண்ட நாள் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதன் பிறகு அந்த நாட்டில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில், வீட்டு உரிமையாளர் குறித்த காலத்துக்குள் ஈரத்தையும் பூசணத்தையும் சரிசெய்தாக வேண்டும் என்ற பிரிவு வந்தது. குழந்தையின் பெயரால் அதை அவாப் சட்டம் என்கிறார்கள்.

மூன்றாவது, ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை தங்கிக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவது. சளி, இருமல், எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் காசநோய் மாதிரியே தெரியும். நம் நாட்டில் இதைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்த நோயாளிகள் பலர் இருக்கிறார்கள் என்று மருத்துவ இதழ்களே எழுதியிருக்கின்றன. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி தெரியாமல், மாத்திரை சாப்பிட்டும் இளைப்பு நிற்கவில்லை என்றால் நுரையீரல் மருத்துவரிடம் பூஞ்சை ஒவ்வாமை பற்றிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்கு மூன்று வருஷமாக ஐப்பசி பிறந்தால் இருமல் வந்துவிடும். மாசி வரைக்கும் நிற்காது. டானிக், ஊசி, கசாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு மருத்துவர் மார்பில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி எங்கம்மா படுக்குறீங்க?" என்று கேட்டாராம். அவர் படுப்பது கடலை மூட்டை அடுக்கிய அறை. களவு போய்விடக் கூடாது என்று காவலுக்குப் படுத்தவர். மூட்டையைத் திண்ணையை ஒட்டிய அறைக்கு மாற்றி, அந்தச் சுவரின் கசிவை அடைத்த பிறகு, அடுத்த மழைக்கு இருமல் இல்லாமல் போனது என்று சொல்லமாட்டேன். பாதியாகக் குறைந்தது. ஊசி நின்றது. அந்தக் கேள்வியை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடுவது நல்லது: வீட்டில் ஈரம் இருக்கிறதா, மூட்டை எங்கே இருக்கிறது, வைக்கோல் வேலை செய்கிறோமா என்று.

எதற்குப் பயப்பட வேண்டாம்?

பயமுறுத்துகிற செய்திகளும் உலாவுகின்றன. அவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுவரில் பிடிக்கிற கறுப்புப் பூசணமும், 2021இல் கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சை நோயும் ஒன்றல்ல. அது மியூக்கார்மைகோசிஸ். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அதிக ஸ்டீராய்டு மருந்து, எதிர்ப்புச் சக்தி குலைந்த உடம்பு ஆகியவற்றில் வருவது. மியூக்கார் வகைப் பூஞ்சைகள் சாதாரண மண்ணிலும் மக்கிலும் இருப்பவைதான். ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் சர்க்கரை எகிறிக் கிடப்பவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர் ஆகியோர் பூசண அறையைச் சுத்தம் செய்யவோ மக்கு உரம் கிளறவோ போக வேண்டாம்.

தேமலும் படர்தாமரையும் சுவர்ப் பூசணத்தால் வருவதல்ல. தேமலுக்குக் காரணமான பூஞ்சை நம் தோலிலேயே வாழ்வது. படர்தாமரை ஆளிடமிருந்தோ ஆடு மாடு நாயிடமிருந்தோ ஒட்டுவது.

இன்னொன்று, வீட்டுக் கறுப்புப் பூசணம் விஷக் காற்றைக் கக்கி நுரையீரலில் ரத்தம் வரவைக்கும் என்ற பேச்சு. 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் சில கைக்குழந்தைகளுக்கு அப்படி வந்தபோது முதலில் பூசணத்தைத்தான் காரணம் என்றார்கள். 2000இல் அந்த நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறுபடி ஆராய்ந்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. கறுப்போ பச்சையோ வெள்ளையோ, நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. எந்த நிறமானாலும் வீட்டுக்குள் வேண்டாம், அவ்வளவுதான்.

வைக்கோலும் உழவர் நுரையீரலும்

நம் தொழிலின் பெயரையே தாங்கி நிற்கும் நோய் ஒன்று இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் அதற்குப் பெயரே உழவர் நுரையீரல். 1932இல் இங்கிலாந்தில் கேம்பெல் என்ற மருத்துவர், ஈரத்தில் கெட்டுப்போன உலர்புல்லைக் கையாண்ட உழவர்களுக்கு வந்த மூச்சுத் திணறலைப் பற்றி முதன்முதலில் எழுதினார். ஈரமாகப் போர் போட்ட புல்லும் வைக்கோலும் உள்ளே சூடேறும். அந்தச் சூட்டில் பெருகும் நுண்ணுயிர்கள் தூளாய்ப் பறந்து நுரையீரலின் அடிவரை போகும்.

அடையாளம் இதுதான்: பூசணம் பிடித்த வைக்கோலை உதறி நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு வாங்குதல். இரண்டொரு நாளில் தானாகவே சரியாகிவிடும். "காத்து கருப்பு", "வேலை செஞ்ச அசதி", "ஃப்ளூ காய்ச்சல்" என்று விட்டுவிடுவோம். மறுபடி வைக்கோல், மறுபடி காய்ச்சல். இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால் நுரையீரலில் தழும்பு விழுந்து கெட்டியாகிவிடும். விழுந்த தழும்பை எடுக்க மருந்தில்லை. வேலைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை நாமே கண்டுபிடித்து ஒதுங்குவதுதான் சிகிச்சையில் முக்கியமானது.

கரும்புச் சக்கைக் குவியலில் வேலை செய்பவர்களுக்கும் இதே வகை நோய் வரும். சிப்பிக் காளான் வளர்க்கும் நண்பர்களும் கவனிக்க வேண்டும். காளான் விரிந்து முற்றினால் கொட்டுகிற வித்துத்தூள் மூடிய குடிலில் புகை மாதிரி நிற்கும். முற்றவிடாமல் அறுத்துவிடுங்கள். குடிலுக்குள் போகுமுன் கதவைத் திறந்துவைத்துக் காற்றை மாற்றுங்கள். காளான் குடிலும் படுக்கையறையும் ஒரே சுவரைப் பங்கு போட வேண்டாம்.

மக்கு உரம் கிளறும்போதும் அப்படித்தான். சூடேறிய குவியலில் ஆஸ்பர்ஜில்லஸ் நிறைய இருக்கும். காய்ந்த குவியலைக் கிளறாதீர்கள். தண்ணீர் தெளித்து, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று கிளறுங்கள். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் மண் தூசி நிற்கும், வித்து நிற்காது. கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிய என்-95 முகக்கவசம்தான் இதற்குச் சரி.

மூட்டைக்குள் இருக்கும் நஞ்சு

இதுவரை மூச்சு. இனி சாப்பாடு.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் புண்ணாக்குத் தீவனத்தில் போய் நின்றது. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை சுரந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் பக்கம், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஏழைக் குடும்பங்களில் 100க்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். 2004இல் கென்யாவில் அதே மக்காச்சோளம், அதே நஞ்சு, 125 உயிர்கள்.

இப்படி ஒரேயடியாகக் கொல்வது அபூர்வம். கொஞ்சம் கொஞ்சமாய்ப் போவதுதான் நம் கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈரல் புற்றுநோய்தான் இதன் இலக்கு. மஞ்சள் காமாலை பி வகைத் தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

இந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வேகவைத்தாலும் போகாது. வெயிலில் போட்டால் பூசணம் சாகும், அது ஏற்கெனவே கக்கிய நஞ்சு அங்கேயே இருக்கும். "மேலாப்ல தொடச்சுட்டு வறுத்தா சரியாயிடும்" என்பது ஆகாது.

இயற்கை உழவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. நாம் விற்பது செக்கு எண்ணெய். ஆலையில் சுத்திகரிக்கும்போது காரமும் வெளுப்பு மண்ணும் சேர்ந்து அஃப்ளாடாக்சினை நீக்கிவிடுகின்றன. செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. கடலை கெட்டதாக இருந்தால் நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயில் வரும். பெரும் பகுதி புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கை மாடு தின்றால், நஞ்சு வேறு உருவில் பாலில் இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் 88 மாதிரிகள் தமிழ்நாட்டில் எடுத்தவை. பாலில் தண்ணீர் கலந்தார்களா என்று சண்டை போடுகிற நாம், மாட்டுக்கு வைத்த புண்ணாக்கைப் பற்றிக் கேட்பதில்லை. செக்கு எண்ணெய் நல்லது என்று சொல்லி விற்க நமக்கு உரிமை வேண்டுமானால், செக்கில் போடுகிற கடலையைக் கையால் பொறுக்கியிருக்க வேண்டும்.

பொறுக்குவது சின்ன வேலையாகத் தெரியலாம். ஆனால் பலன் பெரியது. ஒரு மூட்டையில் உள்ள நஞ்சில் பெரும் பகுதி ஒரு சில பருப்புகளில்தான் இருக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி துளைத்தது, பூசணம் தெரிவது, கசப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஒதுக்கியதைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். பறவைகளுக்கு, அதிலும் வாத்துக்கு, இது கொடிய நஞ்சு. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

கடலை உடைக்கும் மிஷினில் போடுமுன் பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. நன்றாகக் காய்ந்த கடலைக்கு நாமே பூசணத்தைக் கூப்பிடுகிற வேலை அது. தெளித்தே ஆக வேண்டுமென்றால், உடைத்த பருப்பை அன்றைக்கே மறுபடி காயப்போட்டுவிட்டுத்தான் மூட்டை பிடிக்க வேண்டும்.

எவ்வளவு காய்ந்தால் போதும்?

நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரம் வரை வாங்குகிறார்கள். மழை ஆண்டில் அதையும் தளர்த்தச் சொல்லிக் கேட்கிறோம். அது கொள்முதலுக்கான வரம்பு. வீட்டில் மாதக்கணக்கில் வைக்க அது ஆகாது. வீட்டில் வைக்கும் நெல் 12, 13 விழுக்காட்டுக்கு வர வேண்டும். மக்காச்சோளமும் அப்படியே. வேர்க்கடலைக் காய் 8 விழுக்காடு. குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். பருப்பை விரலில் தேய்த்தால் மேல்தோல் உரிய வேண்டும்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு தானியத்தைப் போட்டு, வெயிலில் காயவைத்த தூள் உப்பு இரண்டு ஸ்பூன் சேர்த்து, மூடிக் குலுக்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். உப்பு பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. துல்லியமான கணக்கு இல்லைதான். ஆனால் எது இன்னும் ஒரு நாள் வெயில் கேட்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. வங்கியில் இருந்தபோது தானிய ஈட்டுக் கடனுக்காகக் கிடங்குகளைப் பார்வையிடப் போவேன். மூட்டை தரையைத் தொடக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, கூரையைத் தொடக் கூடாது என்பதுதான் கிடங்குக்காரர்களின் பாலபாடம். அடியில் மரக்கட்டை அடுக்கி, சுவரிலிருந்து இரண்டு இரண்டரை அடி விட்டு அடுக்குவார்கள். வீட்டில் அவ்வளவு இடம் இருக்காது. ஒரு முழமாவது விடுங்கள். கை நுழைந்து தடவிப் பார்க்கும் அளவுக்கு இருந்தால் போதும். வாரம் ஒருமுறை அடி மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே பூசணம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் ஈரத்தின் வழியை அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் சுவரைத் துடைப்பது, களையை வேரோடு எடுக்காமல் நுனியைக் கிள்ளுவது போலத்தான்.

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் வீட்டில் நாமே சுத்தம் செய்யலாம். ஆஸ்துமாக்காரர், குழந்தைகள், கர்ப்பிணிகள் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். என்-95, கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள். விளக்குமாற்றால் உலர் சுவரைத் தட்டாதீர்கள். தட்டினால் ஒரு நொடியில் வித்து வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் அழுத்தித் துடைத்து, அந்தத் துணியை அப்படியே சுருட்டி வெளியே போடுங்கள். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு எல்லாம் இதிலேயே சுத்தமாகிவிடும். பூசணம் ஊறிப்போன பஞ்சு மெத்தை, தலையணை, அட்டைப் பெட்டி ஆகியவற்றைக் காப்பாற்ற முடியாது. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும். அதனால் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்து மறுபடி உள்ளே கொண்டுவருவதில் பயனில்லை. போகியன்று கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை ஊருக்கே கெடுதல். பருத்தியும் பஞ்சும் கோரையும் நனைத்து மக்குக் குழியில் போடலாம்.

பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதோடு வினிகரோ கழிப்பறை கழுவும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். கோமியத்தோடும் சேர்க்கக் கூடாது. சாதாரணப் பூசணத்துக்குச் சோப்பே போதும்.

சாம்பிராணி, வேப்பிலைப் புகை பற்றிக் கேட்பார்கள். வாடையை மறைக்கும், பூசணத்தை எடுக்காது. இளைப்பு உள்ளவருக்கு அந்தப் புகையே இரண்டாவது தொல்லை. வேப்பெண்ணெய் தெளித்தாலும் ஈரம் இருக்கும்வரை பூசணம் திரும்பும்.

நம் முறையில் உண்மையாகவே வேலை செய்வது சுண்ணாம்புதான். கிளிஞ்சலைத் தாளித்து எடுத்த சுண்ணாம்பு கடுமையான காரம். அதில் பூசணம் முளைக்காது. சுவரின் மூச்சையும் அடைக்காது. காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் நாளடைவில் தணிந்துவிடும். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை அடிக்க வேண்டியிருக்கிறது. மழை முடிந்து தை மாதத்துக்கு முன் வெள்ளையடிக்கிற வழக்கம் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அடிக்குமுன் பூசணத்தைத் துடைத்து, சுவரைக் காயவிட வேண்டும். பூசணத்தின் மேலேயே அடித்தால் ஒரு மாதத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். கண்ணில் சுண்ணாம்பு தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசிக்கு முன் ஒரு சுற்று

ஆவணி, புரட்டாசியில் வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு நாளில் வீட்டைச் சுற்றி வாருங்கள். தளத்தில் ஏறி வெடிப்பையும் தண்ணீர்ப் போக்கியையும் பாருங்கள். சுவரை ஒட்டிய பாத்தியைத் தள்ளி வையுங்கள். அலமாரியையும் பீரோவையும் சுவரிலிருந்து நாலு விரல் நகர்த்துங்கள். சமையலறையில் புகைபோக்கியோ ஜன்னலோ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கையறையில் மூட்டை இருந்தால் வெளியே எடுங்கள். இடமே இல்லை என்றால், மூட்டை இருக்கும் அறையில் குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் படுக்காதபடி மாற்றுங்கள். வைக்கோலை நன்றாகக் காய்ந்த பிறகே போர் போடுங்கள், அதையும் வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். புண்ணாக்கை ஒரு மாதத்துக்கு வேண்டியது மட்டும் வாங்குங்கள்.

இதில் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவில்லை. தளத்து வெடிப்புக்கும் சுண்ணாம்புக்கும் ஆகிற செலவு, ஒரு மழைக்காலத்து மருத்துவமனைச் செலவை விடக் குறைவு. சாப்பிடுகிறவருக்கு நஞ்சில்லாத உணவு கொடுப்பதாகச் சொல்லித்தான் இந்த வேளாண்மைக்கு வந்தோம். அந்த வாக்கு களத்துமேட்டோடு முடிவதில்லை. மூட்டை அடுக்கிய அறைக்கும், செக்குக்குப் போகும் கடலைக்கும், நம் வீட்டுப் பிள்ளைகள் தூங்குகிற இடத்துக்கும் அது சேர்த்துத்தான்.